கறிவேப்பிலை சாய்ந்த பக்கம்

வெளிச்சம் இருக்கிற பக்கம் செடி சாயும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நோர்வேயில், குரோருட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் பிரவீணன் வளர்த்த கறிவேப்பிலைக்கு மட்டும் அது தெரியவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. யாரும் தொடாமலே, கசக்கிப் போட்டதுபோல வாசமும் வீசியது.

முதலில் கண்டது மகள் யாழ். ஒன்பது வயது. ஒரு கிழமை ஹவுகெட்டோவில் தாய் சோபிகாவோடு, மறு கிழமை இங்கே தகப்பனோடு. இந்த ஒரு கிழமையை வாங்குவதற்குப் பிரவீணன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிரிந்தபின் அவனுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளை இப்போது சொல்கிறது:

"அப்பா, எனக்கு இஞ்சை வர விருப்பமில்லை. ஸ்குமெல்ட்டா இருக்கு."

பயத்துக்கு அவளுக்கு முதலில் வருவது நோர்வேச் சொல்தான்.

"என்ன பயம் குஞ்சு?"

"தெரியேல்லை. ஏதோ இருக்கு."

ஏதோவாம்! பிரவீணனுக்குக் கோபம் வந்தது. தண்ணீர் சோதிக்கிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் வீட்டில் 'ஏதோ' இருக்கலாமா? தோசை ஏன் கல்லில் ஒட்டுகிறது, சோடிக் காலுறையில் ஒன்று எங்கே போகிறது, எல்லாவற்றுக்கும் மகளோடு சேர்ந்து பரிசோதனை வைத்துப் பார்க்கிறவன் அவன்.

"ஏதோ எண்டு ஒண்டும் இல்லை. கேள்விதான் இருக்கு. அந்தச் செடி ஏன் சாயுது எண்டு கண்டுபிடிப்பம். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்திப் பாப்பம். காரணம் தெரிஞ்சா வருவாய்தானே?"

"ஓம்," என்றாள் யாழ், அறை வாசலை விட்டு நகராமல்.

மார்கழி மாதம். பள்ளி விட்டு வரும்போதே இருட்டிவிடும். செடி நின்றது ஜன்னலடிச் சோபாவின் தலைமாட்டில். ஒற்றை அறையை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பிரவீணன் அந்தச் சோபாவில்தான் படுப்பான். முதலில் சட்டியைத் திருப்பி வைத்தான். விடியும்போது அது பழையபடி சுவர்ப் பக்கம். பிறகு விளக்கை இடம் மாற்றினான், பிறகு சூடாக்கியை நிறுத்தினான், பிறகு ஜன்னல் இடுக்கில் குளிர் வராமல் ரேப் ஒட்டினான், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஆய்வுகூடத்தில் செய்வதுபோலவே. ஒவ்வொரு முறையும் இரவில் இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தலைமாட்டில் கேட்டது, யாரோ பட்டுச் சேலையோடு மெல்ல ஒதுங்கி வழிவிடுவதுபோல. காலையில் செடி இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

குளிர் தொடங்கியதிலிருந்து அவனுக்கு முதுகும் சரியில்லை. கூன் போட்டு நடக்கிறான். "கிழவா, நிமிர்ந்து நட!" என்று கூட வேலை செய்யும் ஆன்ட்ரியாஸ் பகிடி பண்ணுவான். பிரவீணனும் சிரித்துவிட்டுப் போவான்.

வெள்ளி பின்னேரம். தலையைச் சொறிந்துகொண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. அப்ப வேறை எதிட்டப் போகுது இது?"

"அது ஒண்டிட்டையும் போகேல்லை அப்பா," என்றாள் யாழ், வாசலில் நின்றபடியே. "உங்களிட்டயிருந்து விலகுது."

சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. தன்னை மட்டும் மாற்றவில்லை.

எழுந்து செடிக்கு மறுபக்கம், சுவரோடு போய் நின்றான். காத்திருந்தான். வெளியே ரயில் போகும் சத்தம் தேய்ந்து நின்றது. பிறகு இலைகள் உரசின. கண்ணுக்கு முன்னாலேயே தண்டு நிமிர்ந்தது. ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

வாசலில் யாழும் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு அவனை விட்டு மறுபக்கம் சாய்ந்து நின்றாள். அவளுக்கே அது தெரியவில்லை.

இருண்ட ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தான். அதிலும் அதே சாய்வு. முதுகு வளைந்து, தலை முன்னே நீண்டு. கூன் இல்லை இது. அவனும் விலகுகிறான்.

அவனுக்குப் பின்னால் இருக்கிற எதிலிருந்தோ.

பிடரியில் ஒரு நெருக்கம். பஸ் வரிசையில் பின்னால் ஒருவர் ஒட்டி நிற்பதுபோல. இந்த ஊரில் யாரும் அப்படி ஒட்டி நிற்பதில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சோபிகாவுக்குப் போன் எடுத்தான். "வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம்."

"இது உங்கட கிழமையெல்லோ? ஞாயிறுதானே மாத்திறது?"

"இனி என்ர கிழமை எண்டு ஒண்டும் வேண்டாம். இஞ்சை அனுப்பாதையும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சோபிகா வரும்வரை முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டே நின்றான். மகளுக்கு முதுகு காட்டவில்லை. கீழே மணி அடித்தது. கொக்கியில் தொங்கிய மகளின் சால்வையை எடுக்க ஒரு கணம் திரும்பினான். அவ்வளவுதான். யாழ் ஓடிவந்து பின்னாலிருந்து இறுகக் கட்டிப்பிடித்தாள்.

"அழாதைங்கோ அப்பா."

எத்தனை நாளுக்குப் பிறகு தொடுகிறாள்! பிரவீணன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கதவு சாத்தும் சத்தம். படியில் சின்னக் காலடிகள்.

முதுகு லேசாக இருந்தது.

நிமிர்ந்து நின்றான். நோகவில்லை. பிடரியில் ஒன்றும் இல்லை. போய்விட்டது! செடியைப் பார்த்தான். நேராக நின்றது. ஐயோ கடவுளே, சரிவந்துவிட்டது. இனி அவள் வரலாம்.

ஒன்றை மட்டும்தான் மாற்றியிருந்தான்.

ஜன்னலுக்கு ஓடினான். கீழே காற்று இல்லை. விளக்குக் கம்பத்தடியில் பனி நேராக விழுந்துகொண்டிருந்தது. யாழ் காரைப் பார்த்து நடந்தாள். பை தாயிடம் இருந்தது. முதுகில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தலையை முன்னே நீட்டி, குனிந்து நடந்தாள். கண்ணாடியில் அடித்தான். கத்தினான். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

சோபிகா மகளின் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த கை நீட்டியபடி இருந்தது. அவள் உடம்பு மட்டும் மகளை விட்டு மறுபக்கம் சாய்ந்திருந்தது.