நடுநிலை தவறிய அதிகாரி

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. தெருவில் நடந்துகொண்டிருந்தவன் கண்ணில் பட்ட முதல் கூரைக்குக் கீழே ஓடிப்போய் நின்றான். மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்... எதிரே இருப்பது சுவரா வாசலா என்றுகூடத் தெரியவில்லை. துடைக்கலாம் என்று, கையிலிருந்த போனைப் பக்கத்துத் திட்டில் வைத்தான்.

திட்டு நகர்ந்தது.

அது திட்டே இல்லை. பழைய கணினி, போன், ரேடியோ எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போகும் பெல்ட். அவன் ஒதுங்கி நின்றது மின்கழிவு பிரிக்கும் கூடத்தின் முகப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள், கேமராவுக்குக் கீழே தொங்கிய இரும்புக் கை போனைக் கவ்வியது. ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு பேட்டரித் தொட்டியில் போட்டது.

"ஹலோ... அது என் போன்."

உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை கையுறை, நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட பாதுகாப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே... மழை இருட்டில் யாரோ விளக்கைப் போட்டுவிட்டது போல இரண்டு கண்கள். அதில் கோபம் வேறு. போனைப் பறிகொடுத்தவன் நான், கோபம் இவளுக்கா என்று அவனுக்குத் தோன்றியது.

"பெல்ட்ல வச்சா எடுக்கத்தான் செய்யும்," என்றாள்.

"நல்லா இருக்கிற போனையுமா?"

அவள் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். "விரிசல்... ஓரத்துல டேப்... நடுவுல ரப்பர் பேண்ட். மெஷின் தப்பா எடுத்த மாதிரி எனக்குத் தெரியலைங்க."

அந்த நேரம் பார்த்துத் தொட்டி மணியடித்தது. அவள் போனை எடுத்தாள். கையுறை விரல் எங்கேயோ பட்டு, ஒரு அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எங்கடா இருக்க?"

"அம்மா, நான் வேற ஆளுங்க. இப்பதான் தொட்டியில இருந்து எடுத்தேன்..."

"யாரை, அவனையா?"

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். வெளியே மழை விட்டிருந்தது. அவன்தான் அதைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கூரைக்குக் கீழேயே நின்றான்.

அந்தக் கூடம் அவளுடைய அப்பாவினுடையது. பழைய சாமான்களை எடைக்கு வாங்கி எடைக்கு விற்றே வளர்ந்தவர். மகள் பொறியியல் படித்துவிட்டு வந்து, பார்த்ததும் அடையாளம் கண்டு பிரிக்கிற செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒன்றை நிறுவினாள். அதன் இரும்புக் கைக்கு அப்பா வைத்த பெயர் மாப்பிள்ளை. "பெரிய செலவு பண்ணித்தான் கூட்டிட்டு வந்தோம். கொஞ்சம் சூடானா உட்கார்ந்துடுவார். யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

அடுத்த வாரம் அவன் மறுபடி வந்தான். இந்த முறை கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை.

"நீங்களா?" என்றாள் அவள்.

"நான் சோதிக்க வேண்டிய இடம் இதுதான்னு அன்னைக்கு எனக்கும் தெரியாதுங்க."

லித்தியம், கோபால்ட், காந்தத்துக்கான அரிய உலோகங்கள் எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டிய நாடு அது. கப்பல் தாமதமானால் தொழிற்சாலைகள் கைகட்டி நின்றன. அதனால்தான் புதுச் சட்டம். பழைய பேட்டரிகளை அரைத்துப் பொடியாக வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது. உலோகத்தை இங்கேயே பிரித்தெடுக்க வேண்டும். ஒரு பேட்டரியும் தப்பாமல் பிரிக்கிற கூடத்துக்குத்தான் உரிமம். மற்றவை மூட வேண்டியதுதான்.

அப்பாவுக்குச் சட்டமும் பிடிக்கவில்லை, வந்தவனையும் பிடிக்கவில்லை. "அதிகாரிங்க கூடத்தோட நிக்கட்டும். நம்ம வீட்டு வாசப்படி ஏறக் கூடாது," என்று மகளிடம் சொன்னார், அவன் காதில் விழும்படி.

சோதனை தொடங்கியது. அவன் ஒரு மூட்டையைப் பெல்ட்டில் கொட்டினான். மாப்பிள்ளை போனை எடுத்தார், ரேடியோவை எடுத்தார், பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட விடவில்லை. பஞ்சுக் கரடி ஒன்றை மட்டும் பஞ்சுதானே என்று விட்டுவிட்டார். கரடி நேராக அரவை இயந்திரத்தின் வாய்க்குப் போனது. அவன் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினான். எல்லாம் நின்ற அமைதியில், கரடி வயிற்றுக்குள்ளிருந்து தாலாட்டு பாடியது.

"தேறலைன்னுதான் எழுதணும்ங்க. மறு சோதனை ஒண்ணு உண்டு," என்றான்.

"ஒரு கரடிக்காகவா?"

"தீப்பிடிக்க ஒரு கரடி போதும்."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட போனை வைத்திருக்கிறவனெல்லாம் என் மெஷினுக்குக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று மனதுக்குள் பொருமினாள். முகம் திருப்பிக்கொண்டவள், அவன் விடைபெற்றபோதும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்து நின்றான். அடையாள அட்டை இல்லை. தோளில் ஒரு மூட்டை.

"என்னது இது?"

"எங்க குடியிருப்புல வீடு வீடா வாங்கினேன். உடைஞ்ச பொம்மைங்க. உங்க மெஷின் பொம்மையைப் பார்த்ததே இல்லை... பாவம், அதுக்கு எப்படித் தெரியும்? காட்டினா கத்துக்கும்."

'பாவம்' என்று அவன் இயந்திரத்தைச் சொன்ன விதத்தில் அவள் கோபம் எங்கேயோ நழுவிப் போனது.

மதியம் முழுக்க இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையாகக் கேமராவுக்குக் காட்டினார்கள். முன்பக்கம், முதுகு, வயிறு... பேட்டரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவள் குறித்தாள். ஒரு கட்டத்தில் வாத்து கத்தியது, ரயில் கூவியது, பொம்மைக் குழந்தை அழத் தொடங்கியது. தகரக் கூரையில் மழையும் சேர்ந்துகொண்டது. அவன் ஏதோ சொன்னான்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை."

வீட்டுக்குப் போன பிறகும் அந்த 'ஒண்ணுமில்லை' அவளை விடவில்லை. ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதனின் காது இப்படியா சிவக்கும்?

அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை.

மறு சோதனைக்கு வந்தது அவனுடைய மேலதிகாரி, நரைத்த தலை மேடம். "பார்த்தியா? அதிகாரின்னா இப்படித்தான்," என்று அப்பா முணுமுணுத்தார். அவள் பெல்ட்டை ஓட்டிவிட்டாள். மாப்பிள்ளை அன்றைக்கு வாத்து, ரயில், கரடி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை வரை ஒன்றையும் விடவில்லை. உரிமம் கிடைத்தது. அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மேடத்திடமே கேட்டார். "அந்தக் கண்ணாடித் தம்பி ஏம்மா வரலை?"

"அவர் இந்த வேலையில இருந்து விலகிட்டார். 'என்னால நடுநிலையா இருக்க முடியல மேடம்'னார். மெஷின் விஷயத்துலயான்னு கேட்டேன். இல்லைன்னார். ஓனர் விஷயத்துலயா? இல்லையாம். ஓனரோட பொண்ணு விஷயத்துலயாம். பொம்மை மூட்டையைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே விலகியிருக்கணும்னு ரொம்ப வருத்தப்பட்டார்."

பெல்ட்டில் வேலை பார்த்த தொழிலாளி அக்கா ஒருத்தி, சரியாகக் காதில் விழட்டும் என்று பெல்ட்டையே நிறுத்திவிட்டாள்.

அப்பா மோவாயைத் தடவினார். "நேர்மையான ஆளா இருப்பான் போலிருக்கே..." கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார். பிறகு, "அதிகாரி வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப நமக்கு அவன் அதிகாரி இல்லையே. என்னம்மா சொல்ற நீ?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. கழற்றிப் போட்ட கையுறைகள் மட்டும் கிடந்தன.

அவனுடைய அலுவலகக் கட்டடத்தின் வாசலில் அவனைப் பிடித்தாள். மழையில் ஓடிவந்ததில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவன் பயந்துபோய்க் குடையை நீட்டினான்.

"என்னாச்சுங்க? ஏதாவது தீப்பிடிச்சிடுச்சா?"

"உங்க மேடம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. எங்க அப்பா முன்னாடியும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்..."

"என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"உரிமம் முடிவான பிறகு. அதுக்கு முன்னாடி சொன்னா தப்பு."

"இன்னைக்கு முடிவாயிடுச்சு."

குடையின் விளிம்பில் மழை சொட்டியது. அவன் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். பிறகு சொன்னான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. சொன்னா சிரிப்பீங்களோன்னு பயமாவும் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டாள்.

"நீங்க வராத நாள்ல மெஷின் ஒரு தப்பும் பண்ணலை," என்றாள் மெதுவாக. "நான்தான் செம்பை அலுமினியத்துல போட்டேன், அலுமினியத்தைக் குப்பையில போட்டேன். கண்ணு மட்டும் வாசலையே பார்த்துட்டு இருந்துச்சு... எனக்கும் உங்களைத்தாங்க பிடிச்சிருக்கு."