கையை லூசா விடு

காலையில் அறையைத் திறந்தபோது மேசை மேலிருந்த ரோபோ கை அவன் விட்டுப்போன மாதிரி இல்லை. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. முந்தின நாள் வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, கையை மடக்கி, அதன் இரண்டு விரல்களும் ரப்பர் விரிப்பைத் தொடும்படி படுக்கவைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருந்தான். இப்போது மணிக்கட்டு லேசாக எழும்பியிருந்தது, விரல்கள் விரிந்திருந்தன, சால்டரிங் புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் தித்திப்பான வாடையும் தேங்கிக் கிடந்த அந்த மூடிய அறையில், யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு அவன் காலடி கேட்டதும் வாயை மூடிக்கொண்டது போல ஓர் அமைதி இருந்தது. மச்சான் வேலைதான் இது என்று முடிவு கட்டினான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். ஆனாலும் மேசையில் வைக்கிற அளவில் ஒரு ரோபோ கை செய்தே தீரவேண்டும் என்ற கிறுக்கு இருவருக்கும் ஒன்றாகப் பிடித்துத் தொலைத்ததால், வீட்டின் பின்னறையில் முறைத்துக்கொண்டே சேர்ந்து உழைத்தார்கள். எலும்பு, மூட்டு, பல்சக்கரம் எல்லாம் மச்சான் செய்தவை. சர்க்யூட் போர்டும் மோட்டார்களை ஓட்டும் புரோகிராமும் அவனுடையவை. கை ஒழுங்காக அசைய ஆரம்பித்ததும் பூட்டிவைத்து விற்கலாம் என்றான் மச்சான். அவன் காதில் வாங்கவில்லை. வரைபடம், சர்க்யூட், புரோகிராம் அத்தனையையும் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டான். முகம் தெரியாத எத்தனையோ பேர் உடனே செய்யவும் தொடங்கினார்கள். "என் பிள்ளையைத் தெருவுல விட்டுட்டீங்க, அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போன மச்சான் அதற்கப்புறம் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாவி ஒன்று மச்சானிடம் இருந்தது.

அந்தக் கைக்கு வேலை கற்றுக்கொடுக்கும் முறை எளிது. ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். எழுதப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்து நடத்துவது போல, அதன் மணிக்கட்டைப் பிடித்து நடத்தவேண்டும். பொத்தானை மறுபடி அழுத்தினால், நடத்திய வழியிலேயே தானாகப் போய்க் காட்டும். "கையை லூசா விடு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அதனிடம் முணுமுணுப்பது அவன் வழக்கம். மாலையில் ஐந்து வயது மகள் வாண்டுவை மடியில் வைத்து எழுத்துப் பழக்கும்போதும் இதே பேச்சுதான். மின்சாரம் இல்லாத நேரத்திலும் மூட்டுகள் எங்கே நிற்கின்றன என்று கைக்குத் தெரியட்டும் என்று உள்ளே ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தான். அங்கேதான் சோம்பேறித்தனம். அணைத்திருக்கும்போது யாராவது அசைத்தால் அந்த அசைவும் ஒரு பாடமாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்க இரண்டு வரி எழுதவேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

ஆக, அவன் கற்றுக்கொடுக்காத பாடம் ஒன்று அன்று காலை அதில் பதிந்திருந்தது. ஓட்டிப் பார்த்தான். கை தட்டுத்தடுமாறி எழுந்தது, மேசை விளிம்பைத் தாண்டிப் போனது, ஒன்றுமே இல்லாத காற்றில் ஓர் இடத்தில் நின்று விரல்களை விரித்தது. கொஞ்சம் காத்திருந்தது. பிறகு மூடியது. மூடிய பிடியோடு கால் சுற்று திரும்பியது. மோட்டார்களின் முனகல் அடங்கிய பிறகும் அவன் அந்தக் காற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மச்சானைப் போனில் கூப்பிட்டு வறுத்தெடுத்தான். அந்தப் பக்கமும் சளைக்கவில்லை. அக்கா முகத்துக்காகப் பொறுத்துப் போகிறேன், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று பதில் வந்தது. இருவரும் கத்தி ஓய்ந்த பிறகுதான் மச்சானின் குரல் இறங்கியது.

"நான் அங்க இருந்தப்பவே ரெண்டு மூணு தடவை அது அப்படித் திரும்பி நின்னுச்சு. என்னைக் கடுப்பேத்த நீங்கதான் பண்றீங்கன்னு நினைச்சேன். அந்த பேட்டரியைக் கழட்டிடுங்க, அத்தான்."

என்னமாய் நடிக்கிறான் என்று எண்ணிக்கொண்டு போனை வைத்தான். அன்றே பூட்டை மாற்றினான். கதவிடுக்கில் டேப்பும் ஒட்டினான். மறுநாள் காலை டேப் ஒட்டியபடியே இருந்தது, கை எழும்பியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. முதல் நாள் தட்டுத்தடுமாறிய அசைவு, கைப்பழக்கம் வந்துவிட்டது போல நாளுக்கு நாள் நேர்த்தியாகிக்கொண்டே வந்தது. பயத்தில் அவன் செய்த முதல் காரியம், வாண்டு இனி அந்த அறைப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதுதான். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதாள். சமாதானப்படுத்த, மாலைதோறும் சாப்பாட்டு மேசையில் அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட நெடுநேரம் எழுதவைத்தான். கெட்டது எதுவும் அவளை அண்டக்கூடாது என்பதைத் தவிர அப்போது அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். மச்சான் சொல்லி அதைச் செய்வதா என்று வீம்பு. கெட்ட பாடத்தின் மேல் நல்ல பாடத்தை எழுதி அழிப்பது என்று உட்கார்ந்தான். திருகாணியை எடுத்து டப்பாவில் போடவேண்டும், அவ்வளவுதான். மணிக்கட்டைப் பிடித்து நடத்தினான். ஓட்டினால் பழைய அசைவே வந்தது. மறுபடி நடத்தினான். வெளியே மழை பிடித்துக்கொண்டு பகலே இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி மோதி மோதி விழுந்தது, நூறு தடவையாவது அந்தக் குளிர்ந்த மணிக்கட்டை அவன் பிடித்து நடத்தியிருப்பான், அப்போதுதான் ஒன்று உறைத்தது: மோட்டார் பிடியை விட்ட கை கனக்கவேண்டும். கனக்கவில்லை. அவன் விரல்களுக்குள் அது ஒரு மயிரிழை முன்னால் போய்க்கொண்டிருந்தது. கூட்டிப்போகிறவன் யார், பின்னால் போகிறவன் யார் என்று ஒரு கணம் குழம்பியது. களைப்பு என்று விட்டுவிட்டான்.

அன்று சாப்பிடும்போது மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கை ஏன் அப்படிப் போகுது?"

குனிந்து பார்த்தான். தட்டுக்குப் பக்கத்தில் அவன் வலது கை. விரிந்தது. காத்திருந்தது. மூடியது. கால் சுற்று திரும்பியது. சதைப்பிடிப்பு என்று சமாளித்தான். "அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க. இல்லேன்னா நான் போடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். வாண்டு தன் தட்டில் பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள், அந்த விரல்கள் எதைப் பிடிக்கப் போகின்றன என்று பார்த்துவிடுவது என்ற முடிவோடு, அவை மூடுகிற இடத்தை ஒரு நூலால் குறித்தான்; விளக்குத் தண்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டு நுனியில் ஒரு வாஷரைக் கட்டினான். பிறகு மறந்துபோய், அறுந்த கம்பி ஒன்றை ஒட்ட வழக்கம்போல விளக்கடியில் குனிந்தான். வாஷர் சில்லென்று அவன் தொண்டைக்குழியில் பட்டது.

அப்புறம் யோசிக்கவில்லை. வயரைப் பிடுங்கினான். பேட்டரியைப் பெயர்த்தான். மூட்டு மூட்டாகக் கழற்றி, போர்டுகளை இரண்டாக உடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, மழையில் நனைந்தபடியே தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினான். மேசை விளிம்பில் நான்கு திருகாணித் துளைகள்தான் மிச்சம். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கி, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டே வாண்டுவைத் தூக்கிச் சுற்றி, இனிமேல் அறைக்கு வரலாம் என்று சொன்னான். மச்சானிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றியது.

மாலையில், அந்தக் கையைச் செய்துகொண்டிருந்த எல்லோரையும் எச்சரிக்க, அதே மேசையில் கணினியைத் திறந்தான். அதற்குள் ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கோ ஒரு நாட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். இணையத்தில் போட்ட கையை முதன்முதலில் செய்து முடித்தவர் அவர்தான். என்னிடமிருந்ததும் தானாகவே ஒரு பாடம் படித்தது, பயந்துபோய் உடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி.

'உங்கள் வலது கை எப்படி இருக்கிறது?'

சரியாகத்தான் படித்தோமா என்று விளக்கடியில் குனிந்தான். வாஷர் தொண்டையில் பட்டது. நூலை அவிழ்க்க மறந்திருந்தான்.

பின்னால் முக்காலி இழுபடும் சத்தம்.

வாண்டு. மேசை ஓரத்தில், அந்த நான்கு துளைகளுக்கு நேராக, முக்காலி மேல் ஏறி நின்றாள். அவளை வெளியே அனுப்பவேண்டும். எழவேண்டும். வலது கையை மேசையில் ஊன்றினான்.

கை ஊன்றவில்லை.

எத்தனை மாலை. அந்தப் பிஞ்சுக் கையை இந்த வலது கைக்குள்தானே வைத்து நடத்தினான்.

"கையை லூசா விடுப்பா" என்றாள் வாண்டு. "நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் கை தளர்ந்தது. தோள் தளர்ந்தது. கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

சின்னக் கை எழுந்தது. பென்சில் கரி படிந்த இரண்டு விரல்கள். மற்றவை மடங்கியிருந்தன. மேசை விளிம்பைத் தாண்டி வந்தது. தடுமாற்றமே இல்லை. நூலுக்குப் பக்கத்தில் நின்றது.

விரிந்தது.

காத்திருந்தது.