அந்தக் கடிகாரம் பொய் சொல்லட்டும்

ஜூன் மாதம். வடதுருவத்தை ஒட்டிய அந்த நாட்டில் இரவு பத்து மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெர்ஹி வழக்கம்போல் சைக்கிளைப் பைன் மரத்தில் சாய்த்துவிட்டு, கயானி நகருக்கு வடக்கே காட்டுக்குள் நிற்கும் அந்தப் பழைய காசநோய் மருத்துவமனைக்குள் நுழைந்தாள். இப்போது அது தூக்க ஆய்வுக்கூடம். கையில் கட்டும் கடிகாரங்கள் தூக்கத்தைச் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ஆட்களைப் படுக்கவைத்து, மண்டையில் ஒயர் ஒட்டி, மூளை அலையைப் படித்து, கடிகாரம் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். கடிகாரத்துக்குத் தெரிந்ததெல்லாம் அசைவும் நாடித்துடிப்பும்தான். அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கம் என்று சேர்த்துக்கொள்ளும். பதினைந்து மாதமாகத் தெர்ஹி அப்படித்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்று ஆள் இல்லாத சோதனை. உயிரில்லாத பொருளில் கட்டினால் கடிகாரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூத்த ஊழியர் யோவ்கோ கடையிலிருந்து மணிக்கட்டுப் பருமனுக்கு இறைச்சி அடைத்த ஒரு சாசேஜ் வாங்கி வருவார். சோதனை முடிந்ததும் காலையில் அதையே வறுத்துக் கடுகு விழுது தொட்டுச் சாப்பிடுவார்கள்.

"மாப்பிள்ளை ரெடி," என்றார் யோவ்கோ, மூன்றாம் அறைக் கட்டிலில் அதைக் கிடத்தி. "போர்வை போத்தவா? குளிருமே, பாவம்."

"சும்மா இருங்க." தெர்ஹி பையிலிருந்து பட்டை தேய்ந்த ஒரு கடிகாரத்தை எடுத்துக் கட்டினாள்.

"இது நம்ம கடிகாரம் இல்லையே?"

"இல்மோவோடது."

யோவ்கோவின் சிரிப்பு நின்றுவிட்டது. இல்மோ அவள் கணவன். போன வருஷம் மார்ச்சில், அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போதே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தவன்.

அறையைப் பூட்டிவிட்டு இருவரும் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்தார்கள். திரையில் கட்டில் தெரிந்தது. ஒலிபெருக்கியில் வெற்று அறையின் இரைச்சல். என்ன கழுவினாலும் போகாத மருந்து வாடை சுவரிலிருந்து கசிந்தது.

ஒன்றே முக்கால் வரை ஒன்றுமில்லை. பிறகு திரையின் ஓரத்தில் ஓர் எண் வந்தது. துடிப்பு 52. ஆழ்ந்த உறக்கம்.

"அடி சக்கை! சாசேஜுக்கு உயிர் வந்துடுச்சு!" யோவ்கோ தொடையைத் தட்டிச் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் தெர்ஹி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பொய் சொல்லுது பாருங்க. உயிரே இல்லாததுக்கும் துடிப்பு காட்டுது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு நாலு மணி வாக்குல இல்மோ ஒரு மாதிரி முனகினான். குறட்டைன்னு நெனச்சு முழங்கையால இடிச்சேன். 'அந்தப் பக்கம் திரும்பிப் படு, காலைல எனக்கு வேலை இருக்கு'ன்னேன். அந்த முனகலோடயே உயிர் போயிருக்கும், யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னார். ஆனா இந்தக் கடிகாரம் ஆறு பத்து வரைக்கும் துடிப்பு காட்டுச்சு. அது நெஜம்னா, ரெண்டு மணி நேரம் என் பக்கத்துலயே உயிரோட கெடந்திருக்கான். நான் ஒரு நர்ஸு. குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன்."

யோவ்கோ காபி ஊற்றி அவள் கையில் கொடுத்தார். "பொய்தான் சொல்லுது. நானே சாட்சி. இன்னைக்காவது போய் நிம்மதியா தூங்கு."

பதினைந்து மாதத்தில் முதன்முறையாக அவள் தோள்கள் தளர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே இருட்டாத வானத்தைப் பார்த்தபடி காபியைக் குடித்தாள்.

நாலு ஏழுக்கு ஒலிபெருக்கியில் ஒரு முனகல் கேட்டது.

யோவ்கோவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"குழாய்ச் சத்தம்," என்று கிசுகிசுத்தார். "பழைய கட்டடம்."

துடிப்பு 118க்கு எகிறியது.

பிறகு ஒரு பெண் குரல். தூக்கக் கலக்கத்தில், எரிச்சலோடு.

"அந்தப் பக்கம் திரும்பிப் படு. காலைல எனக்கு வேலை இருக்கு."

தெர்ஹியின் குரல்.

தெர்ஹி வாயைத் திறக்கவில்லை.

திரையில் அந்தச் சாசேஜ் மெல்லப் புரண்டு, சொன்ன பேச்சைக் கேட்டதுபோல், சுவர்ப் பக்கம் திரும்பியது.

அவள் ஓடினாள். சாவி இரண்டு முறை தவறி விழுந்தது. உள்ளே யாருமில்லை. கடிகாரத்தின் பச்சை ஒளி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சாசேஜைத் தொட்டால், பிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் ஜில்லென்றிருந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

வாசலில் யோவ்கோ போனைப் பிடித்தபடி நின்றார். "யாருக்குன்னு சொல்லி கூப்பிடறது, தெர்ஹி?"

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு அத்தனையும் தெரியும். அழுத்த ஒரு நெஞ்சு இல்லை, காற்று ஊத ஒரு வாய் இல்லை. முழந்தாளிட்டு அந்த எண்ணையே பார்த்தாள். எண்பது. அறுபத்தைந்து. நாற்பது. இடையிடையே தலையணையிலிருந்து மூச்சு இழுபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் அவள் "இல்மோ, இல்மோ" என்று கூப்பிட்டாள். பயத்தைவிட அவமானம்தான் அவளைத் தின்றது.

ஆறு பத்துக்கு எண் மறைந்தது.

அன்று யாரும் கடுகு விழுதை எடுக்கவில்லை. அறிக்கையில் யோவ்கோ 'கடிகாரம் பிழை' என்று எழுதினார். தெர்ஹி அதை அடித்துவிட்டு 'சரி' என்று எழுதினாள். வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கடிகாரத்தை ஆற்றில் எறிந்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. இரவு கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும், அசையாமல், விழித்துக் கிடந்தாள். பக்கத்துத் தலையணையை அவள் இன்னும் எடுக்கவில்லை. திரைச்சீலை ஓரத்தில் வெளிச்சம். நாலு மணி தாண்டியதும் அழுகை பொங்கியது. அடக்கப் பார்த்தும் முடியாமல் லேசாக முனகினாள்.

அவள் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.