பானெட்டைத் திறக்காதே!

டெலிபோன் அலறியது.

பெரியவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டுத்தான் ரிசீவரை எடுத்தார். கூரையே எரிந்தாலும் அவர் அப்படித்தான்.

"இன்ஸ்பெக்டர் பேசறேங்க. உங்க சின்னப் பையனோட சிவப்புக் கார்... மலைப்பாதை வளைவுல பள்ளத்துல கெடக்கு."

"பையன்?"

"வண்டியைத் தூக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டு வர்றோம். நீங்க உடனே கிளம்பி வாங்க பெரியவரே."

அதுவே பதில்!

ரிசீவரை வைத்தார். முதுகு வளையவில்லை. விரல்கள் மட்டும் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டன.

மூத்த மகன் பெரியவனைக் கூப்பிட்டார். வேனை எடுக்கச் சொன்னார்.

வழியெல்லாம் பெரியவன் அழுதான்.

"காலையில அவனே பானெட்டைத் திறந்து காட்டினான்ப்பா. டர்போ பைப்புல ஆயில் ஒழுகிட்டிருந்துச்சு. டயர்ல பட்டா வழுக்கும்டா, எடுக்காதேன்னேன். கேக்கல..."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ப்பா. இன்ஜினையே மாத்திடலாம்னு. நீங்கதான் டர்போன்னீங்க."

நெஞ்சில் ஆணி இறங்கியது!

அது மலையேற்றப் பந்தயத்துக்காக வாங்கிய குட்டிக் கார். பெரிய வண்டிகளோடு அது மோத வேண்டுமானால் இரண்டே வழி. சின்ன இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரிய இன்ஜினை உட்கார வைக்கலாம் என்றான் பெரியவன். அதே இன்ஜினுக்கு டர்போ மாட்டி, காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டலாம் என்றான் சின்னவன். சாப்பாட்டு மேஜையில் தினமும் சண்டை. மருமகள்கள் தட்டோடு எழுந்து போகும் அளவுக்குச் சண்டை.

கடைசியில் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அதையும் தங்கள் கார் பட்டறை ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் சொன்னார். நம் கையால் பிரித்துக் கோத்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவனோ இடித்து நொறுக்கிய வண்டியின் இன்ஜினை மாட்டுவது இந்தக் குடும்பத்துக்குக் கேவலம். டர்போதான். காரும் சின்னவனுக்கு. பந்தயத்தில் ஜெயித்தால் பட்டறைப் பொறுப்பும் சின்னவனுக்கு!

அன்று பெரியவன் தலைகுனிந்து வெளியே போனதை அவர் கவனித்தார். சரியாகிவிடுவான் என்று நினைத்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் தொடங்கிய வேலை முடியும்வரை, அந்த வண்டியின் பானெட்டை வேறு எவனும் திறக்கக் கூடாது. அவனே கூப்பிட்டுக் காட்டினால் பார்க்கலாம். மீறினால் பெற்ற பிள்ளையானாலும் வெளியே போக வேண்டியதுதான்.

பள்ளத்திலிருந்து தூக்கி வந்த சிவப்புக் கார் ஸ்டேஷன் முற்றத்தில் நின்றது. ஒரு பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. டிரைவர் சீட்டில் ஒற்றைச் செருப்பு.

பெரியவர் அந்தச் செருப்பை எடுத்தார். கைக்குட்டையால் மண்ணைத் தட்டினார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"ஓவர் ஸ்பீடு. ஆக்ஸிடெண்ட்னு எழுதிடறேன் பெரியவரே," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களும் பாத்துடுங்க. பானெட் தொறக்க வரல."

"அவன் வேலை இன்னும் முடியலைங்களே..." என்றார் பெரியவர், தன்னையறியாமல்.

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. பெரியவருக்குப் புரிந்தபோது கண் நிறைந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பினார்.

பானெட் விலகியது.

குனிந்தவர் அப்படியே உறைந்தார்!

உள்ளே டர்போ இல்லை.

அவர் கோத்த சின்ன இன்ஜினும் இல்லை. பெரிய இன்ஜின் ஒன்று, புத்தம் புதுத் தாங்கிகளின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கேட்டருகே விசும்பல் கேட்டது. பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், செய்தி கேட்டு வந்துகொண்டிருந்தார். கையில் சாக்குத் துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தார். டர்போ!

"சின்னவன் என் ஷெட்டுலதாங்க இன்ஜினை மாத்தினான். டர்போ போட்டு மேட்டுல ஏத்தினா இன்ஜின் தாங்காம டக்டக்னு தட்டுச்சாம். 'அண்ணன் சொன்னதுதான் சரி, நான்தான் அவசரப்பட்டேன்'னான். நேத்து சாயங்காலம்தான் கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் வீட்டு வாசல்ல விட்டோம். இன்னிக்கு ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு, அப்பாகிட்ட சொல்லி அண்ணனையே பட்டறையில உக்கார வைக்கப் போறேன்னான்..."

பெரியவன் சுவரில் சாய்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கம் போனார். முழங்கால் மடக்கி, பின் சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டார். பிரேக் பைப் நட்டு விரலாலேயே சுழன்றது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. நட்டின் விளிம்பில் ஸ்பேனர் கடித்த புதுக் கீறல்!

காலையில் பார்த்தேன் என்று பெரியவன் சொன்ன டர்போ வண்டியிலேயே இல்லை. ஒழுகாத டர்போ. ஒழுகிய பிரேக்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "என்ன பெரியவரே... ஆக்ஸிடெண்ட்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சமிருக்கும் ஒரே மகன் வீட்டுக்கு வருவான். குடும்பப் பெயர் காகிதத்தில் ஏறாது. ஊர் வாய் திறக்காது.

ஒற்றைச் செருப்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க," என்றார். எழுந்து நிமிர்ந்தார். "இது கொலை. பண்ணினவன் என் கூடவே வேன் ஓட்டிட்டு வந்திருக்கான்."

"அப்பா..." பெரியவன் தரையில் உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாதுப்பா... எனக்காகத்தான் மாத்தினான்னு தெரியாதுப்பா... விடியக்காலையில வண்டி வாசல்லதான் நின்னுச்சு... ஒரே ஒரு தடவை பானெட்டைத் தூக்கிப் பாத்திருந்தா..."

கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

பெரியவர் கிட்டே போனார். பெரியவனின் கலைந்த சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"தம்பியைக் கொல்லத் துணிஞ்சே. ஆனா அப்பன் பேச்சை மீறி பானெட்டைத் திறக்கல பாரு... ரொம்ப மரியாதை தெரிஞ்ச பிள்ளைடா நீ!"