நீல உப்பு

உப்புப் போட்டேனா, போடவில்லையா?

மூன்று நாட்களாக இந்த ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அந்தக் கடைவளாகத்துக்குள் பனி தள்ளும் வண்டியைத் திருப்பியது நினைவிருக்கிறது. மருந்துக் கடையின் பச்சை விளக்கு நினைவிருக்கிறது. ஆனால் தரையில் ஐஸ் உறையாமலிருக்க உப்புத் தூவும் சக்கரத்தின் பொத்தானை இடது கை அழுத்தியதா? அந்த இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. அழுத்தியிருந்தால் எதற்காக நினைவிருக்க வேண்டும்? பதினாறு குளிர்காலங்களாக அழுத்தி வருகிற பொத்தான் அது. அழுத்தாமல் விட்டிருந்தாலும் இப்படித்தான், ஒன்றுமே இல்லாமல்தான் இருக்கும்.

"சாப்பிடு. செத்த வீட்டுக்கு வந்தவ மாதிரி உக்காந்திருக்க," என்றார் கிளெம், இளஞ்சிவப்புப் பாகு பூசிய பன்னை லோரெட்டா மாக்கியின் பக்கம் தள்ளி.

"இன்னும் சாகல, கிளெம்."

மருந்து வாங்க வந்த ஏடித் பாவ்லக்குக்கு எழுபத்தொரு வயது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மருந்துக் கடைக்கு முன்னால் ஐஸில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்தது, தலையிலும் அடி. இன்று, திங்கட்கிழமை காலை வரை கண் திறக்கவில்லை.

கிளெமின் சமையலறை மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த ஐலா ரின்டாலா காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தண்டர் பே நகரத்தில் யார் எங்கே வழுக்கி விழுந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் அவளைத்தான் அனுப்புவார்கள். கண் பார்வை மங்கியதிலிருந்து அவள் கார் ஓட்டுவதில்லை. முப்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி முதுகு போய் ஓய்வு பெற்ற கிளெம் பூஷேதான் அவளுக்கு ஓட்டுநர். துப்பறிவதில் அவளைவிட அவருக்கே ஆசை அதிகம்.

"வெள்ளிக்கிழமை அங்க போனப்ப தூங்கி எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்டாள் ஐலா.

"வியாழன் காலைல எந்திரிச்சது. சாயங்காலம் பனி ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் வண்டிலயேதான்."

"ஜிபிஎஸ்?"

"வண்டி அங்க நாப்பது நிமிஷம் இருந்ததுன்னு சொல்லுது. உப்பு விழுந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவு உப்பு போச்சுன்னு காட்டுற மீட்டர் கிறிஸ்துமஸ்லேருந்து வேலை செய்யல."

"வேற ஏதாவது? அந்த வாரத்துல புதுசா?"

லோரெட்டா யோசித்தாள். "புதன்கிழமை நீல உப்பு வந்திறங்குச்சு. கடுங்குளிருக்கு அதுதான் கேக்கும். இந்த வருஷம் அதுவரைக்கும் சாதா வெள்ளை உப்புதான் போட்டோம்."

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். 'மருந்துக் கடைக்கு முன்னால் உப்புத் தூவத் தவறிவிட்டேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே ஒரு கோடு. கோட்டின்மேல் அவள் பெயர் வர வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும்னு எங்க முதலாளி கார்ல் சொன்னான். போடுறதுக்குத் தயாராத்தான் இருக்கேன். ஆனா பேனாவ எடுத்தா கை அப்படியே நின்னுடுது. பொய்யா இருந்தா தப்பு. உண்மையா இருந்தா..." அவள் முடிக்கவில்லை. உண்மையாக இருந்தால் அந்தக் கிழவியை அவள்தான் படுக்கையில் போட்டிருக்கிறாள்.

"இவ விட்டிருக்கவே மாட்டா!" என்று கிளெம் மேசையைத் தட்டினார். "ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்."

"அது நம்பிக்கை, கிளெம். இன்சூரன்ஸ் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல," என்றாள் ஐலா. "போய்ப் பாத்துட்டு வரலாம். வரும்போது அந்தக் காலி ஜாம் பாட்டிலக் கழுவி எடுத்துக்கங்க."

வளாகத்தில் மைனஸ் இருபத்தொன்று டிகிரி குளிர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பனியே விழவில்லை. இன்சூரன்ஸ் ஆள் பார்க்கும்வரை தொடக் கூடாதென்று விட்டிருந்ததால் எல்லாம் நடந்தபடியே உறைந்து கிடந்தது.

லோரெட்டா காரை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைக்கு முன்னால் இரண்டு ஆள் அகலத்துக்கு ஐஸ் பளபளத்தது. அது வளாகத்தின் மேட்டுப் பக்கத்தில் நின்ற பெரிய பனிக் குவியலின் அடியில் தொடங்கி, கடை வாசலைக் கடந்து, பள்ளத்து மூலையில் இருந்த வடிகால்வரை நாக்கு நீட்டியிருந்தது. அதன்மேல் ஒரு கல் உப்புகூட இல்லை. ஏடித்தின் ஒற்றைக் கையுறையை யாரோ எடுத்துச் சுவரோரம் வைத்திருந்தார்கள்.

ஐலா குனிந்து தரையைப் பார்த்தாள். ஐஸுக்கு இடப்பக்கம் காய்ந்த தார்மேல் வெள்ளைப் படிவம் வளைவு வளைவாக ஓடியது. கரைந்து காய்ந்தால் நீல உப்பும் வெள்ளையாகத்தான் படியும்; விரிசல்களில் மட்டும் நீலப் பொடி.

"சக்கரம் சுத்தித் தூவும்போது இப்படித்தான் வில்லு மாதிரி விழும்," என்றார் கிளெம்.

ஐலா ஒரு வளைவின்மேல் கால் வைத்து நடந்தாள். ஐஸ் விளிம்பில் வளைவு நின்றது. ஐஸைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கிருந்தும் ஒரு வளைவு கிளம்பியது. கிளெமை இந்த முனையில் நிற்கச் சொல்லி, அவரையும் மறுபக்கத்து வளைவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு பள்ளத்து மூலைக்குப் போனார்கள். எட்டு கார்கள் நிற்கக்கூடிய இடம் காலியாக, சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றி ஐந்து ஆரஞ்சு நிறக் குச்சிகள் நடப்பட்டிருந்தன. வடிகாலின் இரும்பு மூடி அந்தக் குளிரிலும் உறையாமல் கறுப்பாக ஈரமாக இருந்தது.

மேட்டுக் குவியலிடம் ஐலா அதிக நேரம் நின்றாள். கிளெம் கையை உயர்த்திப் பார்த்தார். உச்சி எட்டவில்லை. பக்கவாட்டில் பெரிய பற்கள் பதிந்தாற்போலக் கோடுகள். அவள் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் தோண்டி, பனியை ஜாம் பாட்டிலில் போட்டு மூடினாள்.

"சாட்சியத்த வாயில போட்டுப் பாக்கணும்னா சொல்லுங்க மேடம், நான் ரெடி," என்றார் கிளெம்.

வளாகத்தின் மேலாளர் டெனிஸ் ஹார்வுட் கைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். "நாங்க போட்டோ எடுத்து வச்சிருக்கோம். ஒரு கல்லு உப்பு இல்ல. இதுக்கு மேல என்ன பாக்குறீங்க?"

"சனிக்கிழமை தள்ளுபடி விற்பனைன்னு போட்டிருக்கே," என்றாள் ஐலா, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி. "கூட்டம் வந்துச்சா?"

"நிக்க இடமில்ல. அந்த மூலைல எட்டு வண்டி விட முடிஞ்சதோ, பொழச்சோம்."

"நல்லது," என்றாள் ஐலா. "மூணு மணிக்கு கார்லோட அலுவலகத்துக்கு வர முடியுமா? அறிக்கைய முடிச்சிரலாம்."

கார்ல் ஷெவ்ரியேயின் அலுவலகம் அவனுடைய வண்டிக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு சிறிய அறை. சூடாக்கி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கார்ல் மேசைக்குப் பின்னால், டெனிஸ் கதவருகே, லோரெட்டா நாற்காலி நுனியில். ஐலா ஜாம் பாட்டிலை மேசை நடுவே வைத்தாள். பனி கரைந்துவிட்டிருந்தது. தண்ணீர் லேசான நீலத்தில் இருந்தது.

"கிளெம், ஒரு சந்தேகம். மொதல்ல பனியத் தள்ளுவீங்களா, உப்பு போடுவீங்களா?"

"என்ன கேள்வி இது! தள்ளிட்டுத்தான் உப்பு. உப்பு போட்டுட்டுத் தள்ளுறவன் சட்டை போட்டுக்கிட்டுக் குளிக்கிறவன்."

"அப்ப லோரெட்டா தள்ளிக் குவிச்ச பனியில உப்பு இருக்கக் கூடாது. இது அந்த மேட்டுக் குவியல்ல எடுத்தது. மேல, நடுவுல, அடியில, மூணு இடத்துலயும் இருந்துச்சு."

கார்ல் நாற்காலியில் அசைந்தான். "பழைய உப்பா இருக்கும். குளிர்காலம் பூரா போடுறோம்."

"பழையது வெள்ளை. நீலம் புதன்கிழமைதான் வந்துச்சு. வியாழன் ராத்திரிப் புயலுக்குத்தான் முதல்ல எடுத்தது." ஐலாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வெள்ளிக்கிழமை விடிகாலை அங்க நீல உப்பு விழுந்திருக்கு. அதுக்கப்புறம்தான் யாரோ பனியப் பெயர்த்துக் கொண்டுபோயிருக்காங்க. உப்போட சேத்து."

"எங்க போட்டோவுல ஒரு கல்லுகூட இல்லையே," என்றாள் டெனிஸ்.

"ஐஸுக்கு இந்தப் பக்கம் நிக்கிற வளைவும் அந்தப் பக்கம் ஆரம்பிக்கிற வளைவும் ஒரே வளைவு. பொத்தான அமுக்காம விட்டிருந்தா ரெண்டு பக்கமுமே இருக்காது. நடுவுல மட்டும் காணோம்னா, அது போடாதது இல்ல, உருகி ஓடின தண்ணியில அடிச்சிட்டுப் போனது. எங்க போச்சுன்னு வடிகால் மூடியப் பாத்தாத் தெரியும். மைனஸ் இருபத்தொண்ணுல உறையாம இருக்குன்னா அத்தனை உப்பும் அங்கதான் கிடக்கு."

"அடப்பாவி," என்றார் கிளெம் மெதுவாக. அவருக்கு இப்போதுதான் புரிந்தது. "அந்தக் குச்சிங்க!"

"சொல்லுங்க கிளெம்."

"பனி குவிக்கிற இடத்துக்கு ஐப்பசிலயே குச்சி நட்டு வைப்போம். எப்பவும் பள்ளத்துலதான். உருகுனா நேரா வடிகாலுக்குப் போயிரும். மேட்டுல குவிச்சா வெயிலடிச்சதும் தண்ணி இடம்பூரா ஓடும், சாயங்காலம் உறையும். முதல் நாள் வேலைக்கு வர்றவனுக்கே இதத்தான் சொல்லித் தருவோம்." அவர் கார்லைப் பார்த்தார். "நீதான்டா எனக்கு அந்தக் குச்சியெல்லாம் எண்ணிக் குடுப்ப."

"குச்சிங்க அப்படியே நிக்குது," என்றாள் ஐலா. "நடுவுல பனியக் காணோம். அது மேட்டுக்கு ஏறியிருக்கு. ஆள் உயரத்துக்கு மேல. லோரெட்டா வண்டியோட பலகை அவ்வளவு உயரம் தூக்காது. பல்லு வச்ச வாளி வேணும். பனிய அள்ளித் தூக்குற லோடர் இந்தக் கம்பெனில ஒண்ணுதான் இருக்கு, அதை ஓட்டுறதும் ஒருத்தர்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். குவியலுக்குள்ள இருந்த உப்பே அதை இன்னும் சீக்கிரமா உருக்கியிருக்கும். அஞ்சு மணிக்கு வெயில் போச்சு. அஞ்சே முக்காலுக்கு ஏடித் வந்தாங்க."

டெனிஸ் தன் கைபேசியைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு இவ போன் பண்ணுனா," என்றான் கார்ல், டெனிஸைப் பார்க்காமல். "எட்டு கார் நிக்க இடம் வேணும், இல்லேன்னா அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்குறேன்னா. மேட்டுல வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள்தான, ஞாயித்துக்கிழமை எடுத்துரலாம்னு நெனச்சேன்."

"எங்க வைக்கணும்னு நான் சொல்லல," என்று சொல்லிவிட்டு டெனிஸ் வெளியே போனாள். திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்தது.

லோரெட்டா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டால் உள்ளே ஏதாவது இளகும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை அழுத்திய நினைவு இப்போதும் வரவில்லை. கை செய்ததை அவள் ஒரு ஜாம் பாட்டிலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கார்ல் எழுந்து வந்து அவள் அருகே குந்தினான். அவனுக்கும் தூக்கமில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"லோரெட்டா. இங்க பாரு. மறதின்னா இன்சூரன்ஸ் குடுத்துரும். தெரிஞ்சே மேட்டுல குவிச்சேன்னு எழுதுனா குடுக்க மாட்டான். கம்பெனி போயிரும். மூணு வண்டியும் போயிரும், ஒன்னோடதும்தான். பொம்பளைக்கு வண்டியான்னு ஊரே சிரிச்சப்ப நான்தான சாவிய ஒன் கையில குடுத்தேன்? ஒன்மேல கேசு வராது. வேலைய விட்டும் எடுக்க மாட்டேன். ஏடித்துக்கும் பணம் போய்ச் சேரும். ஒரே ஒரு வரி."

"டேய் கார்ல்..." என்று கிளெம் எழுந்தார். ஐலா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க என்ன எழுதப் போறீங்க?" என்று கார்ல் ஐலாவிடம் கேட்டான்.

"பாத்தத எழுதுவேன். ஆனா அது என் கருத்து. ஓட்டுனவங்களே தப்பு பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட்டா அதுதான் முன்னால நிக்கும்." அவள் லோரெட்டாவின் பக்கம் திரும்பினாள். "இதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

கார்ல் தாளை மேசைமேல் விரித்தான். பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான்.

லோரெட்டா தாளைப் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒனக்கு போன் பண்ணுனேன்," என்றாள்.

"ம்."

"போட்டேனான்னு ஞாபகம் வரல கார்ல்னு சொன்னேன். அழுதேன்னு நினைக்கிறேன். அப்பவே ஒனக்குத் தெரியும்."

சூடாக்கி நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"நல்லா யோசிச்சுப் பாருன்னு சொன்ன," என்றாள். "மூணு நாளா யோசிச்சேன்."

கார்ல் தரையைப் பார்த்தான். "இன்னைக்கு ராத்திரி இருபது சென்டிமீட்டர் பனி விழும்ங்கிறான்," என்றான் தாழ்ந்த குரலில். "கையெழுத்துப் போடு லோரெட்டா. கிளம்பணும்."

அவள் பேனாவை எடுத்தாள். கை இந்த முறை நின்றுவிடவில்லை. மூடியைத் தேடி எடுத்து, அழுத்தி மூடி, அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"இல்ல, கார்ல்," என்றாள். "நான் உப்புப் போட்டேன்."