உள்ளறைத் திரைச்சீலை

கப்பல் அறைக்குள் நுழைந்ததும் லிந்தாவுரா நேரே போய்த் திரைச்சீலையை ஒதுக்கினாள். பின்னால் ஜன்னல் இல்லை. வெளிர்மஞ்சள் பூசிய இரும்புச் சுவர்.

"பால்கனி எங்கய்யா?"

அவள் கணவன் எடிவால்டோ பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதில் மும்முரமாக இருந்தான். பால்கனி அறை என்று ஒரு மாதமாகப் பீற்றியது பொய். எடுத்தது கப்பலிலேயே மலிவான உள்ளறை. குளியலறைக் கதவு கட்டிலில் இடித்தது. ஏசி ஊதிய காற்றில் காயாத துணியின் நாற்றம். எலி வளைக்கா இவ்வளவு ஆட்டம் என்று அவள் கேட்டாள். உன் அப்பன் கட்டிய அரண்மனையை விட்டா வந்தாய் என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.

ஆனால் உண்மையான சண்டை வசதியைப் பற்றியது அல்ல. அன்று பிப்ரவரி இரண்டு, கடல்தாய் யெமாஞ்சாவின் நாள். முன்பொரு முறை கடலில் மூழ்கி மூச்சு நின்றுபோன மகள் தாயிஸை அலையே கொண்டுவந்து கரையில் போட்டது. வருடம் தவறாமல் இந்த நாளில் கடலில் வெள்ளைப்பூ விடுவதாக லிந்தாவுரா அன்றே நேர்ந்துகொண்டாள். இன்று காலை, சல்வடோர் நகரின் ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் பூவிட வரிசையில் நின்றால் கப்பலைத் தவறவிடுவோம், பால்கனியிலிருந்து விட்டுக்கொள் என்று அவளை இழுத்து வந்தவன் எடிவால்டோதான். மேல்தளத்திலிருந்து எதையும் எறியக் கூடாதென்று கப்பல் காவல்காரி அவள் கையிலிருந்த பூக்கட்டைப் பார்த்ததுமே எச்சரித்துவிட்டாள்.

"வாக்கு கொடுத்தது நான். தவறினா போறது தாயிஸ் உசுரு."

"திரைதான் தொங்குதே. அதுக்குப் பின்னால போடு. கடல்னு நெனச்சுக்க."

அவள் அசையவில்லை. அவனே பூக்கட்டைப் பிடுங்கினான். அவள் தெளித்துவைத்திருந்த லாவெண்டர் மணம் முகத்தில் அடித்தது. திரைக்குப் பின்னால் வீசினான்.

"எடுத்துக்க, தாயே."

கடல்தாய்க்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. அது சல்வடோரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். லிந்தாவுரா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒலிபெருக்கி அழைத்ததும், அறை மூலையில் நின்றிருந்த, மஞ்சள் கவுன் போட்ட தாயிஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள்.

அவன் விளக்கை அணைத்துப் படுத்தான். வெளியே சுட்டெரிக்கும் பிற்பகல். உள்ளே தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. கப்பல் இன்னும் துறையை விட்டு நகரவில்லை, இயந்திரத்தின் மெல்லிய உறுமல் மட்டும் மெத்தை வழியாக முதுகில் ஏறிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ பாறையிடுக்கில் தண்ணீரை நாவால் நக்குவதுபோல, விட்டுவிட்டுக் கேட்டது. கழிப்பறைத் தொட்டி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் சத்தம் வந்தது திரைப்பக்கமிருந்து.

லாவெண்டர் மணம் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் அழுகிய பாசி.

காலில் ஏதோ பட்டது. குளிர்ந்தது. ஈரமானது.

செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சினான். பூ. கட்டிலில் ஒன்று. தரையில் பல. எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. திரைக்கடியிலிருந்து கசிந்த தண்ணீரில் இன்னொன்று மிதந்து வந்தது.

கடல் பூவைத் திருப்பித் தந்தால் ஏற்கவில்லை என்று பொருள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

எழுந்தான். திரையை ஒதுக்கினான்.

சுவர் இல்லை. கண்ணாடி. அதற்கப்பால் கரும்பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் மஞ்சள் கவுன், மெதுவாக விரிந்து, மெதுவாகச் சுருங்கியது. மேலே கலைந்தாடும் முடி. திறந்த கண்கள். கண்ணாடியில் பதிந்த சின்ன உள்ளங்கை.

முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது.

"அப்பா."

தாயிஸின் குரல். வழக்கமான குரல். அவனுக்கு மூச்சு திரும்பியது. மேலேதான் இருந்திருக்கிறாள். கதவுப்பக்கம் திரும்பப்போனான்.

"அப்பா, கதவைத் தொற."

அந்தச் சொற்களுக்கேற்பவே கண்ணாடிக்கப்பால் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. ஒரு குமிழி மேலே போனது.