மின்வேலியை நிறுத்திய ஞாயிறு

பிரேக்கை மிதித்த வேகத்தில் மெரினுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. டிராக்டருக்கு முன்னால், மழையில், புல்லுக்குள் ஒருவன் குந்தியிருந்தான்... இன்னும் ஒரு முழம் போயிருந்தால் அவ்வளவுதான்.

"சாகறதுக்கு எங்க பண்ணைதான் கிடைச்சுதா?"

அவன் நிமிர்ந்தான். மழை சொட்டும் இமைகள்... சாம்பல் நிறக் கண்கள். அவள் இன்ஜினை அணைத்தாள்.

"யாரும் சாகக் கூடாதுன்னுதாங்க குந்தியிருக்கேன்."

பெயர் ரோவன். தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை. ஞாயிறானால் குகைப் பைத்தியம். வரிசையாக அடித்த நான்கு இரும்புக் கம்பிகள், ஒரு கார் பேட்டரி, பிஸ்கட் டின்னுக்குள் அவனே செய்த மீட்டர். ஈர மண்ணில் மின்சாரம் ஓடும், காற்றில் ஓடாது. சுண்ணாம்புப் பாறைக்குள் பொந்து இருந்தால் முள் ஏறும் என்றான். அன்று கம்பியை எங்கே அடித்தாலும் முள் எகிறிக் குதித்தது. பண்ணை முழுக்கப் பொந்து என்று, சத்தம் கேட்டு வந்த அவள் அப்பா கென்னிடம் அடித்துச் சொன்னான்.

மெரின் காதைத் தீட்டிக்கொண்டாள். டிக்... டிக்... ஓரத்து வேலியில் மின்சாரம் துடிக்கும்போதெல்லாம் முள்ளும் குதித்தது.

"குகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாட்டுக்குப் போட்ட கரண்ட் வேலி."

ரோவனின் காது மடல் வரை சிவந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இந்த டின்னோடு இனி கேட்டைத் தாண்டக் கூடாது என்று அனுப்பிவிட்டார். அவளும் சிரித்தாள். ஆனால் போன குளிர்காலத்தில் பக்கத்துப் பண்ணையில் மூன்று மாடுகளை நிலம் விழுங்கியதே... அந்தச் சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அப்பா ஊருக்குப் போயிருந்த மதியம், கேட்டுக்கு வெளியே தூறலில் அவன் நின்றான். ஒரு மணி நேரம் வேலியை நிறுத்த முடியுமா என்று கேட்டான். மாடு ஓடினால் நீங்கள்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தினாள்.

வைக்கோல் பாரத்தோடு டிராக்டரைத் தண்ணீர்த் தொட்டியருகே கொண்டுபோய் நிறுத்தி, மேலேயிருந்து வேடிக்கை பார்த்தாள். இன்று முள் சமர்த்தாகக் கிடந்தது. கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தபடி, அவளை நோக்கியே வந்தான். முப்பதடி தூரத்தில் நின்றான். டின்னைப் பார்த்தான். கம்பிகளைப் பிடுங்கி மறுபடி அடித்தான். மறுபடி பார்த்தான். முள் ஏறியே நின்றது.

அவன் முகத்தில் இரத்தம் வற்றியது.

"மெரின்... இன்ஜினை அணைங்க. குதிக்காம இறங்குங்க. புல்லுல படுத்து ஊர்ந்து வாங்க."

பயத்திலும் வீம்பு விடவில்லை. இந்தத் தடவையும் வேலியா என்று கேட்டாள்.

"வேலியைத்தான் நீங்களே நிறுத்திட்டீங்களே."

அப்பாவின் டிராக்டர்... பாதியில் விட்டுப் போனால் என்ன சொல்வார்? அந்தச் சாம்பல் கண்களைப் பார்த்தாள். கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். ஈரப் புல்லில் வயிறு உரச ஊர்ந்தாள். அடியில் எங்கோ மண் சரசரவென்று உதிர்வது கேட்டது. அவனும் படுத்தபடியே முன்னால் வந்து கையை நீட்டினான்.

விரல்கள் பட்டதும் வெடுக்கென இழுத்தான். பின்னால் தண்ணீர்த் தொட்டி சாய்ந்தது. டிராக்டரின் பின்சக்கரம் இறங்கியது... பிறகு முழுவதும். ஓரிரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் ஆழத்தில் தண்ணீர் தெறித்தது.

இருவரும் எழவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"வேலிதான் காரணம்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பா திட்டுவார்னும் தெரியும். அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நீங்க தினம் இந்தப் பக்கம்தானே டிராக்டர் ஓட்டறீங்க... கடையில உட்கார முடியல. பயம். உங்களைப் பிடிச்சுப் போச்சு மெரின், அதான் அவ்வளவு பயம்."

மழை கண்ணுக்குள் விழுந்தது. கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"வீட்டைச் சுத்தி இன்னும் அளக்கல," என்றாள் மெல்ல. "நாளைக்கு வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு."